எள்ளுத்தண்ணீருக்கு ஒரு கடல்

சிதம்பரமண்ணையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கார் ஓட்டுவதைப் போன்ற தண்டனை எதிரிக்கும் வரக்கூடாது. பருத்தித்துறை டிப்போவில் பஸ் ஓட்டியவர். எசன் நகரில் அவருக்கு லைசென்ஸ் கிடையாது, ஆனால் வலது கால் மட்டும் இன்னும் வேலையில் இருந்தது. முன்னால் போகிறவன் பிரேக் பிடித்தால் இவர் என் காரின் தரையை மிதிப்பார். சிவப்பு விளக்கு எனக்குத் தெரிவதற்கு முன்பே "சிவப்பு" என்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும்.

சட்டம் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம், அப்படி ஒரு மரியாதை. அகதிகளைப் போட்டிருந்த ஹைமில் எல்லோரும் டிக்கெட் எடுக்காமல் ட்ராமில் ஒரு தரிப்பாவது திருட்டுத்தனமாகப் போயிருப்போம். அவர் போனதில்லை. காக்காய் குருவி இல்லாத தெருவிலும் நடைபாதை விளக்குப் பச்சையாகும் வரை நிற்பார். பொடியன்கள் அவருக்கு 'நீதவான்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட மனிதர்தான் 1987ஆம் ஆண்டு ஆடி மாதம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, எல்லை தாண்டிப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி கேட்டார்.

காரணம் இதுதான். வடமராட்சியில் அந்த வருடம் நடந்த சண்டையில் அவருடைய தகப்பன் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனார். சிதம்பரமண்ணை ஒரே பிள்ளை. செய்தி லண்டனில் இருந்த ஒரு உறவினரின் தொலைபேசி வழியாக அவருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாளாகியிருந்தது. பக்கத்து வளவுக்காரர் ஒருவர்தான் கொள்ளி வைத்தாராம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் நடக்கவில்லை. ஆடி அமாவாசை வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தகப்பனை இழந்தவன் கடலில் குளித்து எள்ளும் தண்ணீரும் விட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஊரில் என்றால் கீரிமலைக்குப் போவார்கள்.

நான் பாசையூர்க் கத்தோலிக்கன். எங்களுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தால் காரியம் முடிந்தது. எசனுக்குப் பக்கத்தில் றூர் ஆறு ஓடுகிறது, அதில் இறங்கிச் செய்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"தண்ணி இருக்கு. மந்திரத்தை ஆர் சொல்லுறது? நீரோ, யூட்?" என்றார்.

எனக்குத் தெரிந்தது அருள் நிறைந்த மரியே மட்டும்தான். எங்களுக்குத் தெரிந்த ஒரே ஐயர் அப்போது பிரான்சில் இருந்தார். ஊரில் கோயில் குருக்கள். பாரிசில் அகதி. கோடை காலத்தில் நோர்மண்டிக் கரையில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். மீனும் மாடும் தின்ற கோப்பைகளைக் கழுவுகிற கையால் தருப்பை பிடிக்கலாமா என்று நான் பகிடியாகக் கேட்டபோது, கழுவினால் கை சுத்தமாகும்தானே என்று சிதம்பரமண்ணை முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார். ஐயர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: ஹோட்டலுக்கு முன்னாலேயே கடல். மத்தியானச் சாப்பாட்டுச் சனம் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அதற்குள் வந்தால் செய்து தரலாம்.

சிக்கல் அதுவல்ல. அமாவாசை சனிக்கிழமை. அடுத்த திங்கட்கிழமை காலை சிதம்பரமண்ணையின் தஞ்ச வழக்கு விசாரணை. அந்த டெர்மினுக்காக, அந்த ஒரு தவணைக்காக, அவர் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். அன்றைக்கு ஆள் போகாவிட்டால் அன்ராக் என்கிற தஞ்ச விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள். அவருடைய மனைவி கிரிஜாவும் மகளும் திருச்சியில் ஒரு வாடகை அறையில் அந்த முடிவை நம்பித்தான் இருந்தார்கள். அவரிடம் இருந்ததோ மூன்றாக மடித்த ஒரு தாள். எசன் நகர எல்லைக்குள் மட்டும் செல்லும் என்று அதில் அச்சடித்திருந்தது. எந்த எல்லையில் பிடிபட்டாலும் உள்ளே போடுவார்கள். திங்கட்கிழமை போய்விடும். கிரிஜாவும் மகளும் அந்த அறையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்குப் பயமில்லை. என் வழக்கு வென்று, அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. பாரிசில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க வீசாவும் எடுத்து வைத்திருந்தேன். என் மனைவி நேசமலர்தான் அவரைப் பிடித்துக் கேட்டாள். பெண்சாதி பிள்ளையை விட எள்ளுத்தண்ணீர் பெரிதா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் வெளிக்கிடேக்க அப்பா ஒண்டே ஒண்டுதான் சொன்னவர், தங்கச்சி. என்ர கொள்ளிக்கும் வந்திடாதை, உயிரோட இரு எண்டு. கொள்ளிக்கு வராதை எண்டு சொன்னவர். எள்ளுத்தண்ணிக்கு வராதை எண்டு சொல்லேல்லை."

நேசமலர் குசினிக்குள் போனாள். வழிக்குத் தேத்தண்ணீர்ப் போத்தல் கட்டித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். அந்தத் தாளை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், கேட்டால் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அடையாளம் இல்லாமல் றோட்டில் இறங்கக்கூடாதாம். ஊரில் ஆமி மறித்தால் அடையாள அட்டை இல்லாதவன் வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. அது அவர் எலும்பில் ஊறிப்போயிருந்தது. சட்டைப் பையில் தாளை வைத்துப் பொத்தானைப் பூட்டி, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

பெல்ஜியத்துக்குப் போகும் ஆகன் எல்லையில் வார இறுதிக் கார்களோடு கார்களாக எங்களைக் கையசைத்து விட்டார்கள். பெல்ஜியம் முடிந்து பிரான்ஸ் தொடங்கும் இடத்தில் ஒருவன் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்தான். அவர் நித்திரை மாதிரிச் சாய்ந்திருந்தார். நித்திரை கொள்கிறவனின் கண்ணிமை அப்படித் துடிக்காது. பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான், பிறகு இன்னொருவன். போ என்று கை காட்டினான். ஒரு சோளக் காட்டுப் பக்கம் வந்ததும் காரை நிறுத்தினேன். இறங்கிக் காரை மூன்று தரம் சுற்றி நடந்த பிறகுதான் மறுபடி ஏற முடிந்தது. பயமில்லாதவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான்.

அன்றிரவு தங்கச்சி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் கடற்கரைக்குக் காரை விட்டோம். அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. மடியில் ஒரு பை. அதில் எள், பச்சரிசி, வேட்டி, ஐயருக்குத் தானம் கொடுக்க வாழைக்காய். அன்றைக்குச் சமைக்க வேண்டிய காத்தோட்டிக்காய் ஐரோப்பா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். பிடிபட்டால் சிறைச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் போடுவார்கள் என்றேன். சிரிக்கவில்லை.

அந்தக் கரையைப் பற்றி எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர் ஐயர். அவரோ குசினிக் கதவுக்கு வெளியே அதிகம் வந்ததில்லை. மேட்டிலிருந்து கார் ஊருக்குள் இறங்கியபோது முதலில் கடல் தெரிந்தது. கடலுக்குள் கறுத்துப்போன பெரிய பெரிய கொங்கிறீற் கட்டிகள், பாதி தாழ்ந்த வீடுகள் மாதிரி நின்றன. "இதென்ன?" என்று கேட்டேன். அவர் றோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு டாங்கி, குழாயை எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

நான் வேகத்தைக் குறைத்து வளைவில் திரும்பினேன். முன்னால் மண்மூட்டைகள். குறுக்கே ஒரு தடி. ஒரு ஜீப். இரும்புத் தொப்பியும் துவக்குமாகப் பச்சை உடுப்பில் நாலைந்து பேர். ஒருவன் கையை உயர்த்தினான்.

"நிப்பாட்டும்," என்றார் சிதம்பரமண்ணை. குரல் மிகவும் அமைதியாக இருந்தது. "இஞ்சினை நூரும். ஓடாதையும். கையைக் காட்டிக்கொண்டு இறங்கும்."

எத்தனையோ பஸ் பயணிகளை எத்தனையோ ஆமித் தடைகளில் இறக்கி நடத்தியவரின் குரல் அது. நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பிரான்சில் நிற்கிறோம், என் பையில் நல்ல பாஸ்போர்ட் இருக்கிறது என்பதெல்லாம் மண்டையிலிருந்து எங்கேயோ போய்விட்டது. இறங்கினேன். அவரும் இறங்கினார். சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றி அந்தத் தாளை எடுத்து விரித்து, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடி தடியை நோக்கி நடந்தார். எங்கே போகக்கூடாது என்று அச்சடித்த தாளை, அங்கே நின்றுகொண்டு, ஊருக்கே காட்டினார்.

பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவர்கள் ஆமி அல்ல. 1944இல் ஜெர்மன்காரருக்கு எதிராக இங்கிலாந்து, அமெரிக்கப் படைகள் கடலிலிருந்து வந்து இறங்கிய கரை அது, கடலில் நின்ற கட்டிகள் அவர்கள் விட்டுப்போன துறைமுகத்தின் மிச்சம். பழைய ஜீப்பும் உடுப்பும் சேர்க்கிற பொழுதுபோக்குக்காரர்கள் கோடையில் வந்து போர் விளையாடிக் காட்டுவார்களாம். சுற்றிலும் உல்லாசப் பயணிகள் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்களும் விளையாட்டில் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கை உயர்த்தியவன் பெரிய நடிகன். தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் படித்தான். சனம் சிரித்தது. யாரோ படம் எடுத்தார்கள்.

சிதம்பரமண்ணை சட்டையைக் கழற்றத் தொடங்கினார். ஊரில் ஆமி தோளைப் பார்க்கும். துவக்குத் தூக்கிய தழும்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். அவர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி, சட்டையை மடித்து நிலத்தில் வைத்து, வலது தோளைக் காட்டினார். இடது தோளைக் காட்டினார். பிறகு முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அவர் உடம்பு அந்த வெயிலில் நடுங்கியது. சிரிப்பு ஒவ்வொரு ஆளாக நின்றுபோயிற்று. நடிகன் துவக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது.

சனம் அமைதியானதால்தான் உண்மையான பொலிஸ்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதுவரை சந்தியில் நின்று வாகனங்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தவர். நடுத்தர வயது, நீலத் தொப்பி. வந்து நடிகனின் கையிலிருந்து தாளை எடுத்தார். நேராகப் பிடித்துப் படித்தார். எசன் என்ற சொல்லில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருப்பித் தந்தார். தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். காரை ஓரமாக விடச் சொன்னார். ஜெர்மன் மொழி தெரிந்த ஒருவர் வருவார், அதுவரை அசையக்கூடாது என்று கையாலும் கொஞ்சம் இங்கிலிஷாலும் சொல்லிவிட்டுக் காருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். தாளைப் படிக்கத் தெரிந்தவன் வந்தால் அடுத்த வாகனம் பொலிஸ் வாகனம்தான்.

ஹோட்டல் பக்கச் சுவரோடு ஐயர் நின்றார். கட்டம் போட்ட குசினிக் கால்சட்டை, கையில் பிளாஸ்ரிக் பை. பொலிஸைக் கண்டதும் உள்ளே போனார், மறுபடி எட்டிப் பார்த்தார். அவருடைய வீசாவும் முடிந்திருந்தது. மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினார். நேரம் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது.

சிதம்பரமண்ணை சட்டையைப் போட்டுக்கொண்டார். கடலைப் பார்த்தார். பிறகு, வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைக் கூடத் தாண்டாத அந்த மனிதர், அசையாதே என்று சொன்ன பொலிஸ்காரரின் முன்னால் போய் நின்றார். கடலைக் காட்டினார். இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் வார்ப்பது போலச் சரித்தார்.

"பப்பா," என்றார். "மை பப்பா."

பொலிஸ்காரரின் முகம் மாறியது. அந்தக் கரையில் செத்த சிப்பாய்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி வந்து நின்றிருப்பார்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் எங்கள் நிறத்து ஆட்களும் இருந்தார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கலாம். தொப்பியை மெல்ல ஒழுங்குபடுத்திக்கொண்டு, என் காரின் தூசி படிந்த முன்மூடியில் விரலால் எழுதினார். 1944. எழுதிவிட்டு, அப்படித்தானே என்று சிதம்பரமண்ணையைப் பார்த்தார்.

எனக்கு உயிர் வந்தது. ஒரு தலையாட்டல் போதும். மரியாதை செய்து தாளைத் தந்து அனுப்பிவிடுவார்.

"அண்ணை, ஓமெண்டு தலையை ஆட்டுங்கோ," என்றேன் தமிழில். "உங்களைக் கும்பிட்டன். கிரிஜாக்காவை நினையுங்கோ. ஆட்டுங்கோ."

சிதம்பரமண்ணை அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் கடைசி இரண்டு இலக்கங்களையும் அழித்துவிட்டு, அதே இடத்தில் எழுதினார். 87.

பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். இந்த வருடமா என்று இங்கிலிஷில் கேட்டார். நான் வேறு வழியில்லாமல் சொன்னேன்: சிறீலங்கா, யுத்தம், வீட்டில் ஷெல் விழுந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலிஷ் அவ்வளவுதான். பொலிஸ்காரர் திரும்பி மண்மூட்டைக்காரர்களைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். அவர்கள் துவக்குகளை ஜீப்புக்குள் போட்டார்கள். நடிகன் இரும்புத் தொப்பியைக் கழற்றினான்.

பொலிஸ்காரர் கடலை நோக்கி நடந்தார். எங்களையும் வரச் சொன்னார். தாள் இன்னும் அவர் பையில்தான் இருந்தது.

ஐயர் வந்தது பெரிய காரியம். ஓடிப் போயிருக்கலாம். வந்தார். குசினிச் சட்டையைக் கழற்றினார், மார்பில் பூணூல் கிடந்தது. மணல் மேட்டில் பிடுங்கி வைத்திருந்த கூர்ப் புல்லைத் தருப்பையாக முறுக்கி சிதம்பரமண்ணையின் விரலில் போட்டார். ஹோட்டல் அடுப்பில் வடித்த சோறும் எள்ளும் வாழைப்பழமும் பிசைந்து உருட்டி வைத்தார்கள். சங்கற்பத்தில் எந்தத் தேசம் எந்தத் தீர்த்தம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஐயர் தடுமாறி, சமுத்திரக் கரை என்று சொல்லிக் கடந்தார். தகப்பனின் பெயரைக் கேட்டபோது சிதம்பரமண்ணை உரத்த குரலில் சொன்னார். பாட்டனின் பெயரையும் பூட்டனின் பெயரையும் சொன்னார். எள்ளும் தண்ணீரும் அவர் விரல்களுக்கிடையால் இறங்கின. நான் பக்கத்தில் நின்று பொலிஸ்காரரின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

பிண்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் கடலுக்குள் இறங்கினார். அந்தக் கறுத்த கட்டிகளுக்கு நேரே போய் முங்கினார். எழும்பி வந்தபோது அழுதுகொண்டு வந்தார். செய்தி வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. தானப் பையை வாங்கிக்கொண்டு ஐயர் குசினிக்கு ஓடினார்.

பொலிஸ்காரர் தாளை எடுத்து விரித்தார். படத்தைப் பார்த்தார், முன்னால் நனைந்து நிற்கிற முகத்தைப் பார்த்தார். பழைய மடிப்பிலேயே மடித்து அவர் கையில் வைத்தார். காரைக் காட்டினார், றோட்டைக் காட்டினார், தன் மணிக்கூட்டைக் காட்டினார். அந்த ஜெர்மன் தெரிந்த ஆள் வருவதற்கு முன் போய்விடுங்கள் என்று அர்த்தம். முகத்தில் சிரிப்பில்லை. நாங்கள் மேடு ஏறும் வரை கண்ணாடியில் அவர் தெரிந்தார்.

திரும்பி வருவதுதான் இன்னும் பயம். ஜெர்மன் எல்லையில் நிற்கிறவனுக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியும். ஆகனில் இளம் அதிகாரி ஒருவன் உள்ளே குனிந்து, பின் இருக்கையில் கிடந்த ஈர வேட்டியையும் சிதம்பரமண்ணையின் காலில் ஒட்டியிருந்த மணலையும் பார்த்தான். கடலுக்கா போனீர்கள் என்று அவரிடமே கேட்டான். "யா," என்றார் அவர், கொஞ்சமும் யோசிக்காமல். நல்லது என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த காருக்குப் போனான்.

திங்கட்கிழமை விசாரணைக்கு நானே கொண்டுபோய் விட்டு, வெளியே காத்திருந்தேன். பின்னேரம் வந்தார். எல்லாம் கேட்டார்களாம், எல்லாம் சொன்னாராம். முடிவு வர நாளாகுமாம். காரை விட்ட இடத்துக்குப் போகத் தெருவைக் கடக்க வேண்டும். விளக்குச் சிவப்பு. வாகனம் ஒன்றும் இல்லை. நான் பாதித் தூரம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஓரத்தில் நின்றார். எனக்கு அடக்கி வைத்த கோபமெல்லாம் வந்தது. திரும்பிப் போய் அவர் முன்னால் நின்று கேட்டேன். ஒரே ஒரு தலையாட்டலுக்கு அவ்வளவு கஞ்சத்தனமா? அந்தப் பொலிஸ்காரன் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இன்றைக்குக் கிரிஜாக்காவுக்கும் பிள்ளைக்கும் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாப்பத்திநாலு எண்டு தலையாட்டிப்போட்டு இறங்கியிருந்தா, அந்தத் தண்ணி ஆரோ ஒருத்தன்ர தேப்பனுக்கெல்லே போயிருக்கும், யூட். என்ர அப்பா பாத்துக்கொண்டெல்லே நிண்டிருப்பார்."

விளக்குப் பச்சையாகும் வரை நானும் அவரோடு நின்றேன்.